நிற்கும் படகுதான் தின்கிறது

நவி மும்பை வாஷியில் வசிக்கும் நண்பர் ஒருவர், தூத்துக்குடிக்காரர், சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: “அண்ணே, பழைய பாய்ப்படகெல்லாம் இப்ப சல்லிசா வருதாமே, ஒண்ணு வாங்கிப் போட்டிரலாமா? இல்ல, ஒங்களதையே குடுத்திரப் போறியளா?” இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டதால், அவருக்குத் தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாத பதிலை இங்கே எழுதுகிறேன். என் பாய்ப்படகு கவிழாமலிருக்க அடியில் நீருக்குள் நீளும் கனத்த தகடான கீலின் பெட்டியைச் சுரண்டியதற்கும் எஞ்சினின் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியதற்கும் கொடுத்த பணத்தின் சீட்டு இன்னும் மேசைமேல் கிடக்கிறது. ஆகவே என் நடுநிலையில் ஓரளவு தள்ளுபடி செய்துகொண்டே வாசிக்க வேண்டும்.

படகைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இருபத்திரண்டு அடி நீள ஃபைபர் உடல், இரண்டு பாய்கள், பின்னால் எட்டுக் குதிரைத்திறன் கொண்ட ஓர் அவுட்போர்டு எஞ்சின், நான்கு பேர் கால் நீட்ட முடியாத ஓர் அறை. இவ்வகைப் படகுகளைத் தேடுபவர்களுக்கு இவையெல்லாம் தெரிந்தவையே. இந்தப் படகை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இதன் கீல்தான். அது அடியில் நிலையாகப் பொருத்தப்பட்டதன்று. சிறிய வின்ச் ஒன்றைச் சுற்றினால் கம்பிவடத்தில் ஏறி, படகின் நடுவே உள்ள குறுகிய பெட்டிக்குள் மடங்கிக்கொள்ளும். கீலை இறக்கியிருக்கும்போது நான்கரை அடி நீர் தேவைப்படும் படகுக்கு, அதை ஏற்றிவிட்டால் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும்.

மும்பைத் துறைமுகத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இருக்க முடியாது என்று இன்றும் சொல்வேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு நான்கு மீட்டரைத் தாண்டுகிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் சேறு தெரியும். நிலையான கீல் உள்ள படகுக்காரர்கள் எதிர்க்கரையில், மாண்ட்வா பக்கமோ கரஞ்சா பக்கமோ, ஆழம் தேடி அலைந்துகொண்டிருக்கும்போது நான் கீலைத் தூக்கிக்கொண்டு கரையோரம் போய் நிற்க முடிகிறது. அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. அந்த நாட்களில் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் ஏற்றம் வருகிறது, காலை மாலை ஆறு மணி வாக்கில் வற்றம். நண்பகல் ஏற்றத்தில் கெட்டியான மணல்திட்டு ஒன்றின்மேல் படகைக் கொண்டுபோய் நிறுத்தினால், தண்ணீர் வடிந்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்து அமர்ந்துகொள்ளும். இருட்டுவதற்குள் மேலே தெரியும் பக்கத்து அடிப்பாகத்தைச் சுரண்டிக் கழுவிவிடலாம். நள்ளிரவில் அது தானே மிதக்கும். கிரேன் வாடகை மிச்சம். பணம் இறுகியிருக்கும் காலத்தில் இதன் அருமை தெரிகிறது.

ஆனால் இதே கீலின் பெட்டிதான் என் பொறுமையைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒரு கை நுழையாத அகலம், மார்பளவு உயரம், கீழ்ப்புறம் எப்போதும் கடலுக்குத் திறந்த வாய். உள்ளே வெளிச்சம் இல்லை, அலை இல்லை, வண்ணத் தூரிகை போய்ச் சேரவும் வழியில்லை. கொட்டலசு என்னும் சிறு ஓட்டு உயிரிகள் குடியேறுவதற்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. அவற்றின் குஞ்சுகள் நீரில் மிதந்து வந்து, பிடித்த இடத்தில் தலையை ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. மும்பையின் வெதுவெதுப்பான நீரில் இதற்குக் குளிர்கால ஓய்வு என்று ஒன்று கிடையாது. வாரந்தோறும் கீலை ஏற்றி இறக்கினால், இளம் ஓடுகள் உராய்ந்தே உதிர்ந்துவிடும். மாதக்கணக்கில் ஏற்றியபடியே விட்டுவைத்தால், பெட்டியின் சுவரும் கீலும் ஒன்றாக இறுகிவிடுகின்றன. அதன்பின் வின்ச்சைத் தளர்த்தினாலும் கீல் இறங்குவதில்லை, கம்பிவடம்தான் தொய்ந்து விழுகிறது.

மணல்திட்டில் படகைச் சாய்த்து வைத்தால் இதையும் சுரண்டலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது என்பதுதான் இந்த வடிவமைப்பின் வம்பு. படகு தன் வயிற்றின்மேல் அமர்ந்திருக்கும்போது பெட்டியின் வாய் மணலை ஒட்டியே இருக்கிறது; கீலை இறக்குவதற்குக் கீழே இடமில்லை. கிரேனின் பட்டைகளில் படகைத் தொங்கவிட்டால்தான் கீல் முழுவதும் வெளியே வரும். இல்லையென்றால் மிதக்கும் படகுக்கு அடியில் ஓர் ஆள் முங்கி, வளைத்த இரும்புப் பட்டையை மேல்நோக்கிச் செருகி, கூஜாவுக்குள் குச்சியை விட்டுத் துலக்குவது போல, கண்ணுக்குத் தெரியாததைக் கையால் உணர்ந்து சுரண்ட வேண்டும். கிரேன் செலவை மிச்சப்படுத்தித் தரும் உறுப்பே கிரேனை வரவழைக்கிறது. வடிவமைத்தவர் இங்கிலாந்தின் குளிர்ந்த நீரை மனத்தில் வைத்து வரைந்திருக்கலாம். அவரை நேரில் கண்டால் கேட்பதற்கு என்னிடம் இரண்டு கேள்விகள் உள்ளன.

இப்போது பொருளாதாரத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் சம்பள உயர்வு நின்றுபோய், மனைவியின் நிறுவனத்தில் ஆட்குறைப்புப் பட்டியல்கள் வரத் தொடங்கியதும், செம்பூர் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து செலவுகளைத் தரம்பிரித்தோம். வீட்டுக் கடனையும் மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் தொட முடியாது. படகு தொடக்கூடியது. மனைவி சொன்ன யோசனை எவரும் சொல்லக்கூடிய நியாயமான ஒன்றே: “விற்க வேண்டாம். இந்த வருஷம் ஓட்டாமல் விட்டுவைப்போம். நிலைமை சரியானதும் எடுத்துக்கொள்ளலாம்.” காருக்கு இது பொருந்தும். உறை போட்டு மூடி, மின்கல இணைப்பைக் கழற்றிவிட்டால், கார் பெரும்பாலும் விட்ட இடத்தில் விட்டபடியே இருக்கும். உப்புநீரில் மிதக்கும் பொருளுக்கு அப்படியொரு நிலையே கிடையாது.

காரணம் அடிப்பாகத்தில் பூசும் பாதுகாப்பு வண்ணத்திலேயே தொடங்குகிறது. வெள்ளீயச் சேர்மம் கலந்த பழைய நச்சு வண்ணங்கள் 2008-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையால் விலக்கப்பட்டுவிட்டன. இப்போது பெரும்பாலும் செம்பு ஆக்சைடு கலந்தவையே. அவற்றில் நாங்கள் வாங்கும் வகை, படகு ஓடும்போது நீரின் உராய்வால் மெல்ல மெல்லக் கரைந்து, புதிய செம்புப் பரப்பை வெளிக்காட்டிக்கொண்டே இருப்பது. ஓடாத படகில் அந்த உராய்வு இல்லை. மேலே பாசியும் சேறும் படிந்து, அதன்மேல் கொட்டலசு ஏறுகிறது. விலை கொடுத்து வாங்கிய செம்பு அடியில் உறங்குகிறது.

எஞ்சினின் கதையும் அதுவே. இன்று பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். துறைமுகக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தொட்டியில் பல வாரங்கள் நின்றால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டரின் மெல்லிய துளைகளில் பிசின் படியும். எஞ்சினைக் குளிர்விக்க நீரை உறிஞ்சும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்களோ ஒரே நிலையில் வளைந்து நின்று அந்த வடிவத்திலேயே விறைத்துவிடும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியது எரிந்து தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவதும், பிறகு நல்ல தண்ணீரால் அலசுவதும் அவசியம். ஆனால் இதைச் செய்வதற்கு ஆள் அங்கே போக வேண்டும். போவதென்று ஆனபின் ஓட்டாமல் எப்படித் திரும்புவது?

பெட்ரோல் விலையைப் பற்றிப் புலம்புபவர்கள் உண்டு. மும்பையில் அது 2021 மே மாத இறுதியில் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியது. பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே வரவே இல்லை. விசைப்படகுக்காரர்களுக்கு அது உண்மையான துயரம். பாய்ப்படகில் எஞ்சினின் வேலை, நங்கூரத் தளத்திலிருந்து வெளியேறுவதும் காற்று செத்தால் வீடு திரும்புவதும் மட்டுமே. என் ஆண்டுச் செலவில் பெட்ரோல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கொடுக்க வேண்டியவை: படகைக் கட்டிவைக்கும் மூரிங்குக்கான கட்டணம், காப்பீடு, பதிவும் ஆய்வும், சங்கிலியும் கொளுவியும், மழைக்காலக் கரையேற்றம். இந்த நகரத்தில் படகைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு நடந்து இறங்கும் வசதி எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் திறந்த நீரில் மிதவையில் கட்டிவிட்டு, சிறு தோணியில் போய்வர வேண்டும். மே முடிவதற்குள் எல்லாவற்றையும் கரையேற்றியாக வேண்டும். ஆகஸ்டை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமிக்குக் கோலி சமூக மீனவர்கள் தேங்காய் விட்டுக் கடலில் இறங்கிய பிறகும், எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் செப்டம்பர் கடைசிவரை காத்திருக்கிறோம். 2020-இல் ஊரடங்கு சரியாகக் கரையேற்றும் பருவத்தில் குறுக்கிட்டது. ஜூன் 3 அன்று நிசர்கா புயல் அலிபாக் அருகே கரையைக் கடந்தபோது, படகுகளை நீரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் அடைந்திருந்தவர்கள் அதற்கு முந்தைய இரவு தூங்கியிருக்க மாட்டார்கள்.

படகைக் கவனித்துக்கொள்ளும் தண்டேலின் சம்பளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிக்கனம் என்றதும் முதலில் வெட்டத் தோன்றுவது அதைத்தான். கொலாபா மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த அவர், மீன்பிடிப்பு இல்லாத நாட்களில் எங்களைப் போன்ற சிலரின் படகுகளைப் பார்த்துக்கொள்கிறார்; கயிறு தேய்ந்தால் மாற்றுகிறார், மழைநீரை இறைக்கிறார், மேற்சொன்ன இரும்புப் பட்டையோடு அடியில் முங்குபவரும் அவரே. மாதச் சம்பளத்தை நிறுத்தி, தேவைப்படும்போது மட்டும் கூப்பிடலாம் என்று ஏற்பாடு செய்து பார்த்தோம். தேவை எப்போது என்பதை அவர் கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்பது அந்த ஏற்பாட்டில் இடம்பெறவில்லை. கீல் இறுகியதற்கான செலவு, நிறுத்திய சம்பளத்தை விழுங்கி மேலும் கேட்டது. இப்போது பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிவிட்டோம். வாரம் ஒருமுறை கீலை ஏற்றி இறக்குவது அதில் எழுதாத ஒப்பந்தம்.

அப்படியானால் விற்றுவிட வேண்டியதுதானே? கணக்கு அதைத்தான் சொல்கிறது. பொழுதுபோக்குப் படகுகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாக உயர்ந்தது. புதிய படகு எட்டாக்கனியானால் பழையதற்குக் கிராக்கி கூடும் என்று தரகர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூடவில்லை. புதியதை வாங்கக்கூடியவர் பழையதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பழையதை வாங்கக்கூடியவரோ எங்களைப் போல அதே மேசையில் உட்கார்ந்து அதே செலவுகளைத் தரம்பிரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு தரகர் வந்தார். பாயைத் தொட்டுப் பார்த்தார், எஞ்சினைத் தட்டிப் பார்த்தார், கீலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு, எஞ்சினை மட்டும் தனியாக விற்றாலே கிடைக்கக்கூடிய தொகையை மொத்தப் படகுக்கும் சொன்னார். வருமானம் குறைந்தவன் எதற்கும் தலையாட்டுவான் என்ற நிச்சயம் அவர் குரலில் இருந்தது. சந்தை விலை அதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அவர்மீது குற்றமில்லை என்று என் அறிவு ஒப்புக்கொள்கிறது. இருந்தாலும் அவரைத் தோணியில் ஏற்றி அனுப்பும்போது தேநீர் குடிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை, பிற்பகலில் வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும்போது இந்தப் படகு தரும் ஓட்டத்துக்கு நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். சுக்கானில் இரண்டு விரல்கள் போதும். பெரிய கொள்கலன் கப்பல்கள் நவ சேவா துறைமுகத்தை நோக்கிப் போகும் வழியிலிருந்து விலகி, கீலை முழுதும் இறக்கி, பாயை இழுத்துக் கட்டிவிட்டால், வேலை போகுமா இருக்குமா என்ற யோசனை கரையிலேயே நின்றுவிடுகிறது. இதற்கு என்ன விலை போடுவது என்று மனைவி கேட்டார். பேரேட்டில் அதற்குரிய கட்டம் காலியாகவே இருக்கிறது.

நண்பரின் முதல் கேள்விக்கு என் பதில்: வாங்க வேண்டாம். மலிவாகக் கிடைப்பதால் வாங்குபவர் ஓட்டுவதற்கு நேரமும் பணமும் இல்லாமல் நிறுத்திவைப்பார். நிறுத்திவைத்த படகைப் பற்றி மேலே போதுமான அளவு எழுதிவிட்டேன். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் நான்கு கொடுப்பேன். கீல் பெட்டி இல்லாவிட்டால் எட்டு.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: விற்கவில்லை. அந்த விலைக்கு நிச்சயமாக இல்லை. முலுண்டில் இருக்கும் பழைய சகா ஒருவர் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஏற்க ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு பங்கு காலியாக இருக்கிறது. தம்பிக்கு விருப்பமிருந்தால் அக்டோபருக்குள் சொல்லட்டும். நிபந்தனை ஒன்றுதான்: தன் முறை வரும் ஞாயிற்றுக்கிழமையில் வராதவர், அந்த மாதம் தண்டேல் முங்கும் கூலியை முழுவதும் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.