ராகி அறுப்புக்கு முன்னாடி டிராக்டர் டிரெய்லர் சர்வீஸ்: 6 சீசன் அனுபவம்

எங்க வீட்டுல ரெண்டு டிரெய்லர் இருக்கு, ஒண்ணு ரெண்டு சக்கர டிப்பர், இன்னொண்ணு பழைய நாலு சக்கரப் பெட்டி. நான் வேலை பாக்கறது பெங்களூர்ல பொம்மசந்திரா பக்கம், நிலம் ஆனேக்கல் தாண்டி, விவசாயத்த அப்பாவும் சித்தப்பாவும் பாத்துக்கறாங்க, வண்டி மெஷின் ரிப்பேர் எதுவா இருந்தாலும் என் பொறுப்பு. 2019 அறுப்புல இருந்து நான்தான் இந்த சர்வீஸ் வேலைய பாக்கறேன், அதுல பட்டதையும் கத்துக்கிட்டதையும் எழுதறேன், டிரெய்லர் வச்சிருக்கிறவங்களுக்கு உதவும்னு நெனைக்கறேன்.

முதல்ல எல்லாரும் பண்ற தப்ப நாங்களும் பண்ணோம். ராகி அறுப்பு எங்க பக்கம் கார்த்திகைல, அதனால ஐப்பசி கடைசில அவசரமா ஹைவே ஓரத்துல இருந்த ஒரு ஷெட்டுல கொண்டு போய் விட்டுடுவோம். அந்த நேரத்துல ஊர்ல இருக்கிற அத்தனை டிரெய்லரும் அங்கதான் நிக்கும், தீபாவளி முடிஞ்சதும் பீகார் பக்கத்து வெல்டர் பசங்க சட் பூஜைக்கு ஊருக்குப் போயிடுவாங்க, இருக்கிற ரெண்டு பேர் எத்தன வண்டி பாப்பாங்க சொல்லுங்க. கிரீஸ் ஏத்தற முனை நிப்பிள்ல ரெண்டு அழுத்து கிரீஸ், டயருக்குக் காத்து, மேல ஒரு கோட்டு பெயின்ட், அவ்ளோதான் சர்வீஸ். பெயின்ட் அடிச்சு புதுசு மாதிரி நிக்கறத பாத்து நாங்களும் திருப்தியா ஓட்டிட்டு வந்துடுவோம்.

2021 அறுப்புல அடி விழுந்துச்சு. ரெண்டு சக்கர டிரெய்லர்ல பாரத்துல ஒரு பங்கு டிராக்டர் பின்னாடி டிரெய்லர் மாட்டற ஹிட்ச் மேலதான் உக்காரும், அதனால முன்னாடி இருக்கிற ரிங்கும், அது சேர்ற ஏ எழுத்து வடிவ சட்டம் ஏ-பிரேமோட வெல்டிங்கும்தான் ரொம்ப அடி வாங்கற எடம். எங்க டிப்பர்ல அந்த எடத்துல கிராக் இருந்திருக்கு, ஷெட்டுல அத நோண்டி எடுக்காம மேலயே ஒரு பட்டை வச்சு வெல்ட் அடிச்சு பெயின்ட் பூசிட்டாங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. 40 மூட்டையோட கூட்டு ரோடு ஹம்ப்ல ஏறி எறங்கினப்ப ரிங் பிச்சுக்கிட்டு வந்து ஏ-பிரேம் தார் ரோட்டுல குத்தி நின்னுச்சு, அப்ப எங்ககிட்ட சேஃப்டி செயின் கூட கெடையாது. பின்னாடி பைக்குல வந்த பையன் ஒதுங்கினதால தப்பிச்சான், இப்ப நெனச்சாலும் கை நடுங்கும். மூட்டை கிழிஞ்சு ராகி ரோடு பூரா ஓடிச்சு, அம்மா முறத்தோட வந்து உக்காந்து அள்ளினாங்க, ஆனா ராகி கடுகு சைஸ், மண்ணும் ஜல்லித்தூளும் கலந்துட்டா பிரிக்கவே முடியாது, அள்ளினது மாட்டுக்குத்தான் போச்சு. ஷெட்டுக்காரர்கிட்ட கேட்டதுக்கு ஓவர்லோடுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார்.

அதுக்கப்புறம்தான் அத்திபெலே பக்கம் இப்ப போற மேஸ்திரி கெடச்சார். சின்ன ஷெட்டுதான், தர்மபுரிக்காரர், வேலைல அவ்ளோ நிதானம். முதல் தடவ போனப்ப ஏ-பிரேம் ஜாயின்ட்ட வயர் பிரஷ் போட்டு பளிச்சுன்னு தேச்சார், மண்ணெண்ணெய் தடவி பத்து நிமிஷம் விட்டு, துணியால நல்லா தொடச்சுட்டு சாக்பீஸ் பூசினார். கொஞ்ச நேரத்துல வெள்ளைக்கு நடுவுல மயிரிழை மாதிரி ஒரு ஈரக் கோடு வந்து நின்னுச்சு. “பாத்தீங்களாண்ணா, இதுதான், இது கண்ணுக்குத் தெரியாது”ன்னார். அந்தக் கோடு முடியற எடத்துல சின்ன ஓட்டை போட்டு கிராக் மேல ஓடாம நிறுத்தி, கிரைண்டர்ல அடி வரைக்கும் வி மாதிரி நோண்டி, 7018ங்கற வெல்டிங் ராடுல நெரப்பினார். அந்த ராடு ஈரம் பட்டா வேலைக்கு ஆகாது, அதனால சூடு பண்ணிதான் எடுத்தார். இன்னொண்ணும் அவர்கிட்டதான் தெரிஞ்சுக்கிட்டேன், வெல்டிங்குக்கு முன்னாடி டிராக்டர கழட்டி விடணும், எர்த் கிளாம்ப்ப வெல்ட் அடிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே மாட்டணும், தூரமா சக்கரத்துல மாட்டினா கரன்ட் பேரிங் வழியா ஓடி ரோலர்ல புள்ளி புள்ளியா தின்னுடும்.

ஹப், அதாவது சக்கரத்துக்கு நடுவுல பேரிங் உக்கார்ற பாகம், அது பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. நிப்பிள்ல கிரீஸ் அடிச்சா பேரிங் வரைக்கும் போச்சுன்னு நம்பாதீங்க, ஹப்ப கழட்டித்தான் ஆகணும். எங்களோடத கழட்டினப்ப உள்ள இருந்த கிரீஸ் கறுப்பா காப்பி மண்டி மாதிரி இருந்துச்சு, ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சா மினுக் மினுக்குனு இரும்புத் தூள், எடது பக்கம் உள் பேரிங்ல ரோலர் எல்லாம் சூடு பட்டு நீலம் பாரிச்சிருந்துச்சு. இன்னும் ஒரு சீசன் ஓட்டியிருந்தா சக்கரமே கழண்டிருக்கும். மண்ணெண்ணெய்ல கழுவி, காய வச்சு, உள்ளங்கைல புது கிரீஸ் வச்சு ரோலருக்கு நடுவுல ஏறற மாதிரி அழுத்தி அழுத்தி நெரப்பணும், பழைய கிரீஸோட வேற வகை கிரீஸ கலக்கக்கூடாது, கிரீஸ் சீல் கண்டிப்பா புதுசு. நட்ட டைட் பண்ணும்போது சக்கரத்த சுத்திக்கிட்டே டைட் பண்ணி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாம நிறுத்தற ஸ்பிலிட் பின் புதுசா போடணும், பழைய பின்ன நிமித்திப் போடறத பாத்தீங்கன்னா அங்கேயே நிறுத்துங்க.

பேரிங் வாங்க நான் ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் போறேன். பழசு மேல இருக்கிற நம்பர எழுதிட்டுப் போனா வேலை சுலபம், ஆனா பிராண்டு பேர் போட்ட டூப்ளிகேட்டும் சுத்துது, அதனால பில் குடுக்கற கடையா பாத்து, ஒரே கடைல வாங்கறேன், அங்க என் மொகம் தெரியும்.

டிப்பர் பெட்டிய தூக்கற ஹைட்ராலிக் ஜாக்ல ஆயில் கசிஞ்சா சீல் கிட் மாத்தறது பெரிய செலவில்ல, ஆனா விட்டுட்டீங்கன்னா மண்ணும் தண்ணியும் உள்ள போய், அதே ஆயில்தான் டிராக்டர் பம்புக்கும் போகுது, அங்க கெட்டா செலவு எங்கயோ போயிடும். ஆயில் ஹோஸ டிராக்டரோட சேக்கற கப்ளரோட மூடி தொலைஞ்சிருந்தா துணியாவது கட்டுங்க. பெட்டிய தூக்கி வச்சு கீழ வேலை பாக்கறதா இருந்தா தயவுசெஞ்சு முட்டு குடுக்காம யாரையும் உள்ள விடாதீங்க, ஜாக்க நம்பி நிக்கவே கூடாது.

டீலர் வொர்க்‌ஷாப்புலயும் ஒரு வருஷம் குடுத்துப் பாத்தேன், டிராக்டர நல்லாவே பாக்கறாங்க, டிரெய்லர்னா அவங்களுக்கு ஆர்வமே இல்ல. வீட்டுக்கே வர்ற மெக்கானிக் ஹோஸ், லைட் வயரிங்குக்கு ஓகே, ஹப் வேலைக்கு வேண்டாம், தோட்டத்துப் புழுதில பேரிங்க தொறக்கக்கூடாது.

இப்ப நாங்க ஆவணில, பெட்டி காலியா இருக்கும்போதே விட்டுடறோம். ஆயுத பூஜை கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேஸ்திரிக்கு நேரம் இருக்கு, நானும் ஒரு நாள் லீவு போட்டு பக்கத்துலயே நிக்கறேன். போன தடவ டிப்பருக்கு ரெண்டு ஹப், ஸ்பிரிங் பட்டைய அச்சோட பிடிக்கிற யு போல்ட், ஸ்பிரிங் முனைல வர்ற ஷேக்கிள் புஷ், பின்பலகை கொக்கி, பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப், சேஃப்டி செயின் எல்லாம் சேத்து 14,000 கிட்ட ஆச்சு. கேக்க பெருசா தெரியும், ஆனா 2025-26க்கு ராகி ஆதரவு விலை குவிண்டால் 4,886, அன்னிக்கு ரோட்டுல போன 40 மூட்டை 20 குவிண்டால், நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. யு போல்ட் மட்டும் முதல் லோடு அடிச்சதும் திரும்ப ஒரு தடவ டைட் பண்ணணும், இத மறந்துடாதீங்க, ஸ்பிரிங் பட்டை உக்காந்ததும் அது தளரும்.

அப்பா இப்ப ஒவ்வொரு லோடுக்கும் கொள்முதல் மையத்துல கியூவுல நின்னதும் எறங்கி ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாக்கறார், கை வைக்க முடியாத சூடுன்னா உடனே எனக்கு ஃபோன் வரும். போன சீசன் பூரா அந்த ஃபோன் வரல. நாலு சக்கரப் பெட்டிக்கு தளத் தகடு துரு ஏறி ஓட்டை விழுந்திருக்கு, மெஷின்ல இருந்து நேரா ராகி கொட்டினா ஒழுகும், இந்த வருஷம் அதுக்குப் பணம் ஒதுக்க முடியல, அதுல மூட்டை மட்டும்தான் ஏத்தறோம்.