அப்டேட்டுக்கு முன்னால் ரூட் போட்டேன்: ஒரே போனில் ஐந்து வருடம்

2020 ஆகஸ்டில் வாங்கிய போன் இது. ஆண்ட்ராய்டு 10-உடன் வந்தது, நடுத்தர விலை. எனக்குக் கோயமுத்தூர் மாவட்டம் சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன், கூலிக்குக் காடா (வெளுக்காத துணி) நெய்கிறோம். மீட்டருக்கு என்ன கூலி என்று பாவு (நெய்வதற்கான நூல்) இறக்குகிறவரிடம் பேசுவது இந்தப் போனில்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம் போட்டுவிடுவதும் இதில்தான். ரூட் போடலாமா, அதாவது கம்பெனி பூட்டி வைத்த முழு அதிகாரத்தையும் போனில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் போன் மாடலைக் கேட்பதில்லை, அந்தப் போனில் என்ன வேலை நடக்கிறது என்றுதான் கேட்கிறேன். அதனால் என் வேலையை முதலில் சொல்லிவிட்டேன்.

2021 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு 11 வரப்போகிறது என்று பேச்சு. அக்கா மகன் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். "மாமா, அப்டேட் வர்றதுக்குள்ள ரூட் போட்டுருங்க. வந்துட்டா ஓட்டையெல்லாம் அடைச்சிருவாங்க" என்றான். எனக்கும் ரூட் வேண்டியிருந்தது. பேசிய கூலி ஒன்று, பில்லில் வந்த கூலி ஒன்று என்று ஒருமுறை ஆனதிலிருந்து கால் ரெக்கார்டிங் இல்லாமல் யாரிடமும் பேச மனசு வரவில்லை. ஆனால் தனியாகப் போட்ட எந்த ரெக்கார்டர் ஆப்பிலும் எதிர்முனைக் குரல் ஒழுங்காக விழவில்லை.

அவன் சொன்ன காரணம் பழைய காலத்துக்குச் சரி. 2014-ல் வந்த டவல்ரூட் என்ற ரூட் ஆப், ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னலில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை வழியாக உள்ளே போனது. அந்த ஓட்டையை அடைத்த அப்டேட்டைப் போட்டுவிட்டால் அது வேலை செய்யாது. மேஜிஸ்க் என்ற ரூட் மென்பொருள் வந்த பிறகு கதை வேறு. முதலில், போனில் எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று காவல் காக்கும் பூட்லோடரை அன்லாக் செய்கிறோம், அப்புறம் அந்தப் போனின் பூட் இமேஜை (போன் எழும்போது முதலில் ஓடும் பைல்) மேஜிஸ்க்கில் திருத்தி ஏற்றுகிறோம். இதற்கு எந்த ஓட்டையும் தேவையில்லை, அப்டேட் வந்த மறுநாளும் செய்யலாம். ஒன்றே ஒன்றுதான் கவனிக்க வேண்டும்: சில கம்பெனிகள் அன்லாக் வசதியையே ஒரு அப்டேட்டில் எடுத்துவிடுகின்றன. அந்தப் பயம் இருந்தால் அன்லாக்கை மட்டும் முன்னால் முடித்துக்கொண்டு, ரூட்டை அப்டேட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசை அன்றைக்குத் தெரிந்திருந்தால் என் பாதிச் சிரமம் மிச்சமாகியிருக்கும்.

அன்லாக் செய்ததும் போன் மொத்தமாகத் துடைக்கப்பட்டது. ஆப்கள் போகும் என்று தெரியும். உள் மெமரியில் இருந்த பைல்களும் சேர்ந்து போகும் என்பதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மெமரி கார்டில் இருந்த போட்டோக்கள் தப்பின. நோட்ஸ் ஆப்பில் எழுதி வைத்திருந்த எட்டு மாதப் பாவுக் கணக்கு போய்விட்டது. பழைய ரசீதுகளை வைத்துத் திரும்ப எழுத மூன்று ராத்திரி ஆனது.

ரூட் போட்டபின் கிடைத்த சுகத்தை மறைக்க மாட்டேன். இரண்டு பக்கக் குரலும் தெளிவாகப் பதிவானது. கம்பெனி திணித்த ஆப்களை எடுத்தேன், விளம்பரங்கள் அடங்கின. எல்லாவற்றையும்விடப் பிடித்தது மேஜிஸ்க்கில் சேர்க்கும் ஏசிசி என்ற சின்ன மாட்யூல். சார்ஜ் 80 சதவீதம் வந்ததும் நிறுத்திவிடும். குடோனில் நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும் போனுக்கு இது பெரிய காரியம். இன்றைக்கும் அதே பேட்டரி உப்பாமல் இருப்பதற்கு அந்த ஒரு வருடமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மே மாதம் அப்டேட் வந்தது. பட்டனை அமுக்கினேன், பாதியில் நின்று தோல்வி என்றது. மாறிய பகுதிகளை மட்டும் கொண்டுவரும் அப்டேட், பூட் இமேஜ் இருக்கும் பூட் பார்ட்டிஷன் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறதா என்று சரிபார்த்துத்தான் இறங்கும். மேஜிஸ்க் அதைத் தொட்டிருப்பதால் ஒத்துப்போகாது. மேஜிஸ்க்கிலேயே பழைய இமேஜைத் திரும்ப வைக்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்துவிட்டு அப்டேட் போட்டிருக்க வேண்டும். நான் அவசரப்பட்டு ஆண்ட்ராய்டு 11-க்கான முழு ரோமை (கம்பெனியின் மொத்த மென்பொருள்) இறக்கி ஏற்றினேன். அதன்மேல் ஆண்ட்ராய்டு 10-க்குத் திருத்தி வைத்திருந்த பழைய பூட் இமேஜையே ஏற்றினேன். போன் லோகோவைத் தாண்டவில்லை. பூட் இமேஜ் அந்தந்த பில்டுக்கே (மென்பொருள் பதிப்புக்கே) உரியது, ஒன்றை இன்னொன்றில் போடக் கூடாது. அன்று சனிக்கிழமை. ஆட்கள் காத்திருந்தார்கள், பக்கத்துக் குடோன்காரரிடம் கைமாற்று வாங்கிச் சம்பளம் கொடுத்தேன். இரவு பதினொரு மணிக்கு அக்கா மகன் பஸ் பிடித்து வந்து, புது பில்டின் பூட் இமேஜை ஏற்றி எழுப்பினான்.

அதன்பிறகு ஒவ்வொரு மாத அப்டேட்டுக்கும் முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. அதுகூடப் பழகிவிட்டது. பேங்க் ஆப்தான் பழகவில்லை. ஆரம்பத்தில் மேஜிஸ்க் ஹைடு போட்டு ஆப்பின் கண்ணில் ரூட்டை மறைத்து ஓட்டினேன். மேஜிஸ்க்கை உருவாக்கிய ஜான் வூ 2021-ல் கூகுளில் சேர்ந்தார். 2022 ஜனவரியில் வந்த 24-ஆம் பதிப்பில் ஹைடு நீக்கப்பட்டது. அப்டேட் போட்ட வாரமே என் பேங்க் ஆப் திறக்க மறுத்தது. மறைக்க வேறு மாட்யூல்கள் உண்டு, நானும் இரண்டைப் போட்டுப் பார்த்தேன், ஒரு மாதம் ஓடும், போனைத் திருத்தியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கூகுள் மாற்றியதும் நிற்கும். பன்னிரண்டு பேர் சம்பளம் அந்தக் கண்ணாமூச்சியில் தொங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பூட்லோடர் திறந்த போன் தொலைந்துபோனால் எடுத்தவன் கையில் அதில் எதை வேண்டுமானாலும் ஏற்றும் வழி இருக்கிறது என்பதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

2022 மார்ச்சில் ரூட்டை எடுத்தேன். கம்பெனி ரோமை முழுசாக ஏற்றி, அது ஒழுங்காகத் திறக்கிறது என்று பார்த்த பிறகே பூட்லோடரைப் பூட்டினேன். திருத்திய இமேஜ் உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் திறக்காமலே போய்விடலாம். பூட்டும்போதும் எல்லாம் துடைக்கப்படும், இந்த முறை கணக்கை முன்னாலேயே எடுத்து வைத்திருந்தேன். சாம்சங் போனில் இப்படிப் பழைய நிலைக்குப் போக முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்: நாக்ஸ் என்ற அதன் பாதுகாப்பு முத்திரை ஒருமுறை முறிந்தால் முறிந்ததுதான், பைல்களைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் திரும்பாது.

ரூட் இல்லாமலே பாதி சுகம் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ் என்ற செட்டிங்கில் விளம்பரத்தைத் தடுக்கும் முகவரி ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலான விளம்பரம் நிற்கிறது. போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து, அங்கிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி வழியாக வேண்டாத ஆப்களை எடுத்துவிட்டேன். கால் ரெக்கார்டிங்குக்கு கூகுள் போன் ஆப் போதும். பதிவாகிறது என்ற அறிவிப்பு எதிர்முனைக்கும் கேட்கும். முதலில் சங்கடமாக இருந்தது. இப்போது அதைக் கேட்டபின் கூலியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். சார்ஜ் நிறுத்த மட்டும் வழியில்லை, டைமர் பிளக் வாங்கி மாட்டினேன்.

இந்தப் போனுக்கு ஆண்ட்ராய்டு 12-ஓடு பெரிய அப்டேட் முடிந்தது, செக்யூரிட்டி பேட்சும் நின்று நாளாகிறது. பேங்க் வேலையைப் புதுப் போனுக்கு மாற்றிவிட்டேன். பழையதைக் குடோனிலேயே வைத்திருக்கிறேன். இனி கெடுக்க அப்டேட்டும் இல்லை, உள்ளே பணமும் இல்லை. பதிவுகளையெல்லாம் மெமரி கார்டிலும் கம்ப்யூட்டரிலும் எடுத்தாகிவிட்டது. வர்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வருகிறான், திரும்ப அன்லாக் செய்து ஏசிசியைப் போடப்போகிறோம்.