அனுராதபுரமா, பொலன்னறுவையா?

கண்டி, நுவரெலியா, காலி என்று இலங்கைப் பயணத்தைத் திட்டம் போட்டு முடிக்கும்போது பழைய தலைநகரங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுராதபுரம், பொலன்னறுவை இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும். எங்கே போவது? பொலன்னறுவைக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் என் மனசுக்கு நெருக்கமான ஊர் அனுராதபுரம். ஏன் இப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் 1982-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. இடையே சாலை வழியாக 100 கிலோமீட்டர் போல. அனுராதபுரம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்தது. அதனால் விகாரைகளும் குளங்களும் மைல் கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. வண்டி இல்லாமல் கதை ஆகாது. பொலன்னறுவையின் ஆட்டம் இருநூறு ஆண்டு சொச்சம்தான். முக்கியமான இடங்கள் ஏறக்குறைய ஒரே பாதையில், மர நிழலில் வரிசையாக வந்துவிடும். வாடகை சைக்கிளில் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். ஒரே நாள் என்றால் இந்த வசதி ஒன்றே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது.

மீதிப் பாதி, தமிழ் வாசிக்கத் தெரிந்த கண்ணுக்கு. சோழர்கள் அனுராதபுரத்தை வீழ்த்திய பிறகு பொலன்னறுவையைத்தான் தலைநகராக்கி, ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கட்டிய வானவன் மாதேவி ஈச்சரம் இன்றும் முழுக் கற்றளியாக நிற்கிறது. தொல்லியல் பலகையில் அதன் பெயர் ‘சிவ தேவாலயம் எண் 2’. சுவரோரமாக நடந்தால் தமிழ்க் கல்வெட்டுகள் கண்ணில் படும். 1070-இல் முதலாம் விஜயபாகு சோழர்களை வெளியேற்றிவிட்டான். அதோடு தமிழ் அங்கே முடிந்துவிடவில்லை. புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் உறுதி கொடுத்த கல்வெட்டு அதே நகரில் நிற்கிறது, தமிழில். பௌத்தக் கோயிலுக்குத் தமிழ் வீரர்கள் காவல்! வழிகாட்டிகள் பலர் இந்தக் கல்லைக் கடந்து போய்விடுகிறார்கள். நீங்கள் நின்று பாருங்கள்.

இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல வழி, படிக்கட்டின் அடியில் கிடக்கும் அரைவட்டச் சந்திரவட்டக்கல். அனுராதபுரத்துக் கல்லில் யானை, குதிரை, சிங்கம், காளை நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பொலன்னறுவையில் வட்டதாகே என்ற வட்டவடிவப் பௌத்தக் கோயிலின் கல்லில் குனிந்து தேடிப் பாருங்கள், காளை இருக்காது. சைவர் வணங்கும் நந்தியைக் காலால் மிதிக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள் என்பது பரவலான விளக்கம்.

அப்புறம் பொலன்னறுவையின் கல் விகாரை. ஒரே பாறையில் குடைந்த நான்கு உருவங்கள். கிடக்கும் புத்தர் சுமார் 14 மீட்டர். எல்லாரும் நீளத்தைப் பார்த்து வியப்பார்கள். நீங்கள் தலையணையைப் பாருங்கள். தலை அழுந்திய இடத்தில் கல் லேசாகக் குழிந்திருக்கும், பஞ்சு போல. கால்விரல்கள் நேர்ப்படாமல் ஒரு பாதம் சற்றே பின்வாங்கியிருக்கும். உறங்குகிறவர் அல்ல, பரிநிர்வாணம் அடைந்தவர் என்பதற்கு அதுதான் அடையாளம். பாறையின் வரிகள் முகத்தின் மேலேயே அலை அலையாக ஓடுகின்றன. சிற்பம் என்று பார்த்தால் அனுராதபுரத்தில் இதற்கு ஈடு சமாதி புத்தர் ஒன்றுதான்.

சரி, அப்படியானால் அனுராதபுரம்? அது பார்க்கிற ஊர் இல்லை, இருக்கிற ஊர். ஜேதவன தாகபை (பௌத்தத் தூபி) எழும்பியபோது 122 மீட்டர் உயரம், ஒன்பது கோடிக்கு மேல் செங்கல். இந்தக் கணக்கெல்லாம் ஸ்ரீ மகா போதி என்ற புனித அரசமரத்தின் முன்னால் நிற்கும்போது மறந்துவிடுகிறது. அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளை, கி.மு. 288-இல் நட்டது என்பது மரபு. சுற்றியுள்ள அரசமரங்கள் பெரிதாக இருப்பதால் மூல மரம் எது என்று முதலில் தெரியாது. பொன்னிற முட்டுக்கொடுத்த மெலிந்த கிளைகள்தான் அது. வெள்ளுடுத்திய குடும்பங்கள் தாமரை மொட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கும். ஓர் இலை உதிர்ந்தால் யாராவது எழுந்துபோய் இரு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அந்தி நேரத்தில் ருவன்வெலிசாய தாகபையை ஒரு சுற்று சுற்றிவந்தால், மன்னன் துட்டகைமுனு தொடங்கிய கட்டடத்தில் இன்றும் வழிபாடு ஓயவில்லை என்பது புரியும். இதற்கு ஓர் இரவாவது தங்க வேண்டும். பகலில் வந்து நாலு தாகபை பார்த்து ஓடுகிறவர்களுக்கு அது வெறும் வெயிலும் செங்கல்லும்தான். அதனால்தான் ஒருநாள் பயணிக்கு இதைச் சொல்லத் தயங்குகிறேன்.

காடும் வேண்டும் என்பவர்கள் சிகிரியாவை நினைப்பார்கள். மன்னன் காசியப்பனின் பாறைக்கோட்டை அழகுதான், ஆனால் வரிசையில் நின்று ஏற வேண்டும். என் விருப்பம் ஹபரணைப் பக்கத்து ரிட்டிகலை. இரண்டு தலைநகரங்களுக்கும் இடைப்பட்ட காட்டுமலை; அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகையில் விழுந்த துண்டு என்பார்கள். கந்தையைத் தைத்து உடுத்திய பாம்சுகூலிகத் துறவிகள் இங்கே தவமிருந்தார்கள். தாகபை இல்லை, புத்தர் சிலை இல்லை. பந்தா பொக்குணை என்ற பெரிய குளத்தின் படிகளைத் தாண்டினால், கல் பாவிய பாதை வேர்களுக்கு நடுவே மேலே போகிறது. பாலம் போட்டு இணைத்த இரட்டை மேடைகள் வருகின்றன. அவ்வளவுதான். மழைக்காலத்தில் அட்டை ஏறும், நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காலுறை கோயில்களிலும் உதவும். செருப்பைக் கழற்றிவிட்டு மதிய வெயிலில் கருங்கல்லில் நடப்பது கொடுமை. தோளும் முழங்காலும் மூடிய உடை, வெள்ளை என்றால் நல்லது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். அங்கே வழிபடுகிறவர்களின் மனம் புண்படும். பௌர்ணமி நாளில் போகிறீர்கள் என்றால் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள், ஆனால் அந்த நாளில் அனுராதபுரத்தைத் தவறவிடாதீர்கள். அன்றைக்கு மட்டும் நான் மேலே சொன்ன பதிலை மாற்றிக்கொள்வேன்.