நத்தை ஊதாவா, பாசி ஊதாவா, வேர் ஊதாவா?

ரோமானியர் காலத்துல ஊதா துணி வேணும்னா முக்கியமா மூணு வழி இருந்துச்சு, கடல் நத்தை, லைக்கன்னு சொல்ற பாறைப்பாசி, அப்புறம் மஞ்சிட்டி இனத்து வேரையும் நீலச்செடியையும் வெச்சு ரெண்டு தடவை முக்கறது. என் ஓட்டு வேருக்குத்தான்.

நத்தை சாயத்துக்கு லெபனான் கரையில டயர், சிடோன் ரெண்டும் பேர்போன ஊர். நத்தைக்குள்ள இருக்கற சின்ன சுரப்பியை எடுத்து உப்பு போட்டு மூணு நாள் ஊற வெச்சு, இளஞ்சூட்டுல பத்து நாள் போல காய்ச்சணும்னு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வெச்சிருக்கார். எடுக்கறப்ப கலரே தெரியாது, காத்தும் வெளிச்சமும் பட்டப்புறம்தான் மஞ்சள், பச்சை, நீலம்னு மாறி மாறி ஊதாவுல வந்து நிக்கும், எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே இந்த இடம்தான். முள்ளு நத்தைன்னா செவப்பு கலந்த ஊதா, வரி நத்தைன்னா நீலம் தூக்கலா இருக்கும். பெரிய பலம் என்னன்னா சாயம் சீக்கிரத்துல போகாது, சாயம் துணியில ஒட்டறதுக்குன்னு போடற படிகாரமும் வேண்டாம். ஆனா 1909ல ஃப்ரீட்லேண்டர்ங்கற கெமிஸ்ட் 12,000 முள்ளு நத்தையில இருந்து எடுத்தது வெறும் 1.4 கிராம்! கி.பி. 301ல ரோமானிய பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலைப்பட்டியல்ல ஊதா பட்டு ஒரு ராத்தல் 1,50,000 டினாரியஸ், அதாவது ரோமானிய காசு. சாயப்பட்டறைங்களால டயர்ல குடியிருக்கறதே கஷ்டம், ஆனா ஊருக்கு பணம் கொட்டுச்சுன்னு கிரேக்க புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ சொல்றார்.

பாசி ரொம்ப சீப், ஊறப்போட்ட பழைய மூத்திரத்துல இருக்கற அம்மோனியாவே கலரை வரவெச்சிடும். கிரீட் தீவு பாசி சாயம் புதுசா இருக்கறப்ப நத்தை ஊதாவை விட அழகுன்னு செடிகொடி பத்தி எழுதின கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸே சொல்லியிருக்கார். புதுசா இருக்கறப்ப, அவ்ளோதான், வெயில்ல நாலு நாள் போட்டா வெளுத்துடும்.

வேர் சாயத்துக்கு முதல்ல வோட்ங்கற நீலச்செடியில நீலம், அப்புறம் படிகாரம் போட்டு மேல வேரோட செவப்பு. நத்தையோட அந்த பளபளப்பு வராது, ஒத்துக்கறேன், ஆனா பாசியை விட பல மடங்கு தாங்கும், ஏழைக்கும் எட்டும். இன்னொண்ணு, நத்தை ஊதாங்கறது இண்டிகோ, அதாவது அவுரி நீல, மாலிக்யூல்ல ரெண்டு புரோமின் ஒட்டினதுதான், அதே இண்டிகோதான் வோட் நீலமும், அதனால வேர் ஊதாவை வெறும் போலின்னு தள்ள எனக்கு மனசு வரல. எகிப்துல கிடைச்ச கிரேக்க பாப்பிரஸ், அதாவது நாணல் தாள் சுவடியிலகூட நத்தை இல்லாம ஊதா எடுக்க நிறைய செய்முறை இருக்கு.

செனட்டருங்களே உடுப்புல ஊதாவை பட்டையாதான் வெச்சுக்கிட்டாங்க, அந்த பட்டைக்கு வேணா நத்தை போடலாம், முழு துணிக்கு வேர்தான்.