மேலே கம்பியா, மண்ணுக்குள் கேபிளா? கடலூருக்கு எது சரி

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பொழுது விடிந்து கதவைத் திறந்தால், எங்கள் தெருமுனை சிமெண்ட் போஸ்ட் இடுப்பில் முறிந்து, உள்ளே இருந்த இரும்புக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் கம்பியைத் தாங்கிய பீங்கான் சாக்கடையில் கிடந்தது. கரண்ட் வர 13 நாள் ஆனது. லைன் மண்ணுக்குள் போயிருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்று அன்று தொடங்கிய யோசனை இன்னும் விடவில்லை.

தெருவுக்குள் 11 ஆயிரம் வோல்ட் எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு தெருவுக்கு 100 கிலோவாட் வேண்டும் என்று வையுங்கள். அதை 400 வோல்ட்டில் மூன்று ஃபேஸ் கம்பிகளில் அனுப்பினால் கம்பி ஒவ்வொன்றிலும் சுமார் 144 ஆம்பியர் ஓடும். 11 கிலோவோல்ட்டில் அனுப்பினால் ஐந்தேகால் ஆம்பியர் போதும். கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒரே கம்பியில் அந்த இழப்பு 750 மடங்குக்கு மேல் குறைகிறது. நெய்வேலியிலிருந்து 230, 400 கிலோவோல்ட்டில் கிளம்பி, சப்ஸ்டேஷன்களில் படிப்படியாக இறங்கி, நம் தெரு ட்ரான்ஸ்பார்மர் வரை உயர் அழுத்தமாகவே வருவது இதற்காகத்தான்.

மேலே போகும் கம்பியின் பெரிய வசதி, காற்றுதான் அதற்கு உறை. அது காசில்லாமல் கிடைப்பது. கம்பி வெறும் அலுமினியம். மேலே ஏதோ பூச்சு இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எதுவும் இல்லை. கம்பத்தையும் கம்பியையும் பிரித்து வைப்பது பீங்கான் மட்டுமே. அழுத்தம் ஏற ஏறப் பீங்கான் தட்டுகளின் எண்ணிக்கையும் கூடும். 400 கிலோவோல்ட் கோபுரத்தில் இருபதுக்கு மேல் எண்ணலாம்.

ஆனால் நம் ஊரில் காற்றோடு உப்பும் வருகிறது. தேவனாம்பட்டினம் பக்கம் பல வாரம் மழையில்லாமல் இருந்து, ஒரு விடியலில் பனி இறங்கினால் கம்பத்தடியில் நின்று கேளுங்கள். 'உஸ்ஸ்' என்று வடை சட்டி மாதிரி சத்தம் வரும். பீங்கான்மேல் படிந்த உப்பு ஈரமானதும் மின்சாரம் அதன்மேல் ஊர்கிறது. நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். வெறும் தூறல் என்றால் லைன் ட்ரிப் ஆகும். பீங்கானுக்குப் பதில் சிலிக்கோன் ரப்பர் போட்டால் இந்தத் தொல்லை குறையும். கடலோர லைன் முழுவதிலும் அதை மாற்றவேண்டும் என்பது என் கட்சி.

கேபிளுக்கு உப்புக்காற்றும் கிடையாது, முறிந்து விழும் மரமும் கிடையாது. ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கிப் புதைக்கிறார்கள். மின்கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காப்பு, அதைச் சுற்றி எர்த் செய்த உலோக உறை. மேலே நடக்கிறவருக்கு ஆபத்தில்லை. ஆனால் இதன் உயிர் முழுக்க, இரண்டு கேபிள் துண்டுகளைச் சேர்க்கும் ஜாயிண்ட்டில் இருக்கிறது. குழிக்குள் குந்தி ஒரு ஜாயிண்டர் வேலை செய்வதை அரைநாள் நின்று பார்த்தேன். காப்பின் மேலிருக்கும் கறுப்பு உறையைக் கத்தியால் சீவும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். வெள்ளைக் காப்பில் ஒரு கீறல் விழக்கூடாது. நெற்றி வியர்வை சொட்டாமலிருக்கத் தலையில் துண்டு. துடைத்துவிட்டு, ஜாயிண்ட்டை மூடும் ஸ்லீவ் என்ற உறையை நெருப்பு காட்டிச் சுருக்கினார். ஒரு மணல் பருக்கை உள்ளே சிக்கினாலும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, சில வருஷத்தில் வெடிக்கும்.

அப்படிப் போனால் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. அன்று பக்கத்தில் நின்ற லைன்மேன் அண்ணனிடம், "கேபிள் வந்தா உங்களுக்கு வேலை குறையுமில்லண்ணே?" என்றேன். "போஸ்ட் சாஞ்சா பைக்ல போறப்பவே தெரிஞ்சிடும் தம்பி. இது பூமிக்குள்ள. மெஷின் வச்சு கேபிளுக்குள்ள கரண்ட் அடிச்சு, பழுதான இடத்துல வர்ற சத்தம் எங்க கேக்குதுன்னு காது குடுத்துத் தேடணும்" என்றார். செலவும் பல மடங்கு. தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்ட வரும் ஜேசிபி கேபிளை அறுத்துவிடுவது வேறு.

இன்னொன்று வெள்ளம். தானேக்குப் பிறகு உலக வங்கிக் கடனில் கடலோரப் பேரிடர்த் தணிப்புத் திட்டம் வந்து, கடலூர் நகர லைன்களை மண்ணுக்குள் கொண்டுபோகும் வேலை எடுக்கப்பட்டது. காற்றுக்கு அது சரியான பதில். ஆனால் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகியபோது, கரையோரத் தெருக்கள் மூழ்கின. கேபிள் தண்ணீரைத் தாங்கும். கேபிள்கள் வந்து இணையும், தெருவோரம் நிற்கும் பெட்டி தாங்காது. பெட்டியின் அடிமேடை வெள்ள மட்டத்துக்கு மேலே இல்லையென்றால் பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்தத்தான் வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் தேரோடும் வீதிகளில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. அங்கே கேபிள்தான். தெருவைக் குறுக்கே கடக்கும் 11 கிலோவோல்ட் கம்பி குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. அலங்காரத்தோடு வரும் தேரின் உச்சி அதைத் தாண்டிவிடும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் வைகாசித் தேர் வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் நினைவு வருகிறது. செலவுக் கணக்கு பார்க்கும் இடமல்ல இது. மஞ்சக்குப்பம், முதுநகர் கடைத்தெருவுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும் லைனுக்கும் அப்படியே.

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி முந்திரிக் காடுகளுக்குள் நான் கேபிள் கேட்கமாட்டேன். நாலு வீட்டுக்கும் ஒரு மோட்டாருக்கும் பல கிலோமீட்டர் தோண்டுவது கட்டாது. அங்கே போஸ்ட்டுகளை நெருக்கமாக நட்டு, மரக்கிளையை மழைக்காலத்துக்கு முன்பே கழித்து, உறை போட்ட கம்பி இழுத்தால் போதும். நெய்வேலியின் 400 கிலோவோல்ட்டுக்கும் மேலேதான் வழி. கேபிள் நீண்டால் அதன் காப்பே மின்சாரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும், திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சாரத்தை அதில் வெகுதூரம் அனுப்பமுடியாது. புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட் லைன், ஒரே திசையில் ஓடும் டி.சி. என்பதால்தான் கேரளத்துக்குள் சில தூரம் மண்ணுக்கடியில் போகிறது.

இந்த வருஷம் மழைக்கு முன் உங்கள் தெருவில் கேபிள் பெட்டி இருந்தால், போன வெள்ளம் வீட்டுச் சுவரில் விட்ட கறையை அந்த மேடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கறை உயரமாக இருந்தால் போட்டோ எடுத்து இ.பி. ஆபீசில் எழுதிக் கொடுங்கள். நான் எங்கள் தெருவுக்குக் கொடுத்திருக்கிறேன். கறை மேடைக்கு ஒரு முழம் மேலே இருக்கிறது.