ஞாயிறு காலைக் கூடைப்பந்து லீக்: ஒரு சீசன் முழுக்க ஆடிய அணியின் மதிப்புரை

தென் சென்னையில், வேலைக்குச் செல்வோருக்காக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடத்தப்படும் ஒரு கூடைப்பந்து லீக்கில் எங்கள் அணி இந்த ஆண்டு ஒரு சீசன் முழுவதும் ஆடியது. கட்டணம் கட்டி ஆடுகிற இத்தகைய லீக்குகள் நகரத்தில் பெருகிவருவதால், எதற்குப் பணம் கொடுக்கிறோம், அதற்கு என்ன கிடைக்கிறது என்பதை எழுதிவைத்தால் அடுத்து சேர நினைக்கும் அணிகளுக்குப் பயன்படும். குறைகளையும் சொல்லப்போவதால் அமைப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஒரு லீக் எப்படிப்பட்டது என்பதை ஆடுகளத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் மேசை காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த மதிப்புரையில் பெரும்பகுதி அந்த மேசையைப் பற்றியதாகவே இருக்கும்.

எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற அணிகளுடன் ஒரு முறை மோதுகிறது. முதல் நான்கு இடங்களைப் பிடிப்பவை அரையிறுதிக்குச் செல்கின்றன. ஓர் அணியில் பன்னிரண்டு பேர் வரை பதிவு செய்யலாம். கட்டணத்தில் ஆடுகள வாடகை, இரண்டு நடுவர்களின் ஊதியம், மேசையில் அமர்பவர்களின் ஊதியம், பந்து, ஆளுக்கொரு ஜெர்சி ஆகியவை அடங்கும். சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டம் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள். இங்கே எட்டு நிமிடங்கள். விதிப்படி நடுவர் விசில் ஊதும்போதெல்லாம் கடிகாரம் நிற்க வேண்டும். இங்கே கடைசிக் கால்பகுதியின் இறுதி இரண்டு நிமிடங்கள் வரை அது நிற்காமல் ஓடுகிறது. ஆடுகளம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கப்படுவதாலும், வெயில் ஏறுவதற்குள் நான்கு ஆட்டங்களை முடித்தாக வேண்டும் என்பதாலும் இந்தச் சுருக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை. இறுதி இரண்டு நிமிடங்களைத் தொடாமல் விட்டார்களே, அது பெரிய விஷயம்.

இந்த லீக்கின் மிகச் சிறந்த முடிவு, யார் ஆடலாம் என்ற விதியில் இருக்கிறது. மாநில அளவிலோ பல்கலைக்கழக அளவிலோ ஆடியவர் ஓர் அணிக்கு ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. அவரும் ஆட்டத்தின் பாதி நேரத்துக்கு மேல் களத்தில் நிற்கக் கூடாது. பொழுதுபோக்கு லீக்குகளில் ஆர்வம் வற்றிப்போவதற்கு முதல் காரணம், ஏதோ ஓர் அணி கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் படித்த நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து எல்லாரையும் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் அடித்துவிட்டுப் போவதுதான். அப்படிப்பட்ட ஒரு லீக்கை நாங்கள் முன்பு பார்த்திருக்கிறோம். பாதி சீசனுக்குள்ளேயே மூன்று அணிகள் வருவதை நிறுத்திவிட்டன. இங்கே அந்தக் கதை நடக்கவில்லை. எங்கள் அணியில் வங்கி ஊழியர், மருந்துக்கடைக்காரர், பள்ளி உடற்கல்வி ஆசிரியர், இரவுப் பணி முடிந்து நேராக ஆடுகளத்துக்கு வருகிற மென்பொருள்காரர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் இருக்கிறோம். பெரும்பாலோர் முப்பதைக் கடந்தவர்கள். எதிரணிகளும் ஏறக்குறைய இதே வகை. அதனால் எங்கள் ஆட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கடைசி நிமிடம் வரை யார் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாதவையாக அமைந்தன. இப்படிப்பட்ட நெருக்கமான ஆட்டங்களுக்காகத்தான் நாற்பது வயதில் கணுக்காலில் பட்டை கட்டிக்கொண்டு விடியற்காலையில் எழுந்து வருகிறோம் என்பதை அமைப்பாளர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

நெருக்கமான ஆட்டம் கிடைத்துவிட்டால் போதாது. அதன் முடிவை இரண்டு அணிகளும் நம்ப வேண்டும். மேசையின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இந்த லீக்கில் மேசையில் மூன்று பேர் அமர்கிறார்கள். ஒருவர் ஸ்கோர் தாளை எழுதுகிறார், ஒருவர் மின்பலகையை இயக்குகிறார், ஒருவர் கடிகாரத்தை மட்டும் கவனிக்கிறார். கடிகாரத்தில் அமர்ந்த உடற்கல்விக் கல்லூரி மாணவியை நான் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சிலிருந்து பல முறை கவனித்தேன். இறுதி நிமிடங்களில் அவர் பந்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு விரலைப் பொத்தான் மீது வைத்தபடி நடுவரின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். விரிந்த உள்ளங்கை உயர்ந்தால் விதிமீறல், மூடிய கைமுட்டி உயர்ந்தால் ஃபவுல், அதாவது எதிராளியை விதிக்கு மாறாக இடித்தோ பிடித்தோ தடுப்பது. இரண்டிலும் கடிகாரம் நிற்க வேண்டும். கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறியும்போது, பந்து கையை விட்டுக் கிளம்பிய கணத்தில் நேரம் ஓடத் தொடங்கக் கூடாது. களத்துக்குள் இருக்கும் ஆட்டக்காரர் ஒருவரைப் பந்து தொட்ட பிறகே தொடங்க வேண்டும், அப்போது நடுவர் உயர்த்திய கையைக் கீழே வெட்டிக் காட்டுவார். இந்த இரண்டு கணங்களுக்கும் இடையே ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம் வரலாம். ஒரு புள்ளியில் பின்தங்கியிருக்கும் அணிக்கு அந்த ஒரு வினாடியில் சீசனே அடங்கியிருக்கிறது.

ஸ்கோர் தாளும் அவ்வாறே. எழுதுபவர் கூடை விழும்போதெல்லாம் மொத்தப் புள்ளிக்கான எண்ணின் மீது ஒரு சாய்கோடு இழுத்து, பக்கத்தில் போட்டவரின் எண்ணை எழுதுகிறார்; ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கோட்டில் நின்று தடையின்றி எறியும் வாய்ப்பு) என்றால் எண்ணின் மீது கருப்பு வட்டம்; மூன்று புள்ளி என்றால் போட்டவரின் எண்ணைச் சுற்றி வளையம். இவ்வாறு எழுதப்பட்ட தாளில் எந்தப் புள்ளி எப்போது யாரால் வந்தது என்பதைப் பின்னோக்கிப் படித்துவிட முடியும். ஓர் ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி முடிவில் பலகை எங்கள் அணிக்கு ஒரு புள்ளி குறைவாகக் காட்டியது; எங்கள் தலைவர் மேசைக்குச் சென்று மரியாதையாகக் கேட்டார். எழுதுபவர் தாளைத் திருப்பி, இரண்டு தலைவர்களையும் அழைத்து, வரிசையாக விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தார். வளைக்கோட்டுக்கு வெளியே நின்று எங்கள் ஆள் போட்ட கூடை ஒன்று தாளில் மூன்று என்றும் பலகையில் இரண்டு என்றும் ஏறியிருந்தது. அரை நிமிடத்தில் பலகை திருத்தப்பட்டது, எதிரணித் தலைவர் தலையசைத்துவிட்டுப் போனார். அந்த ஆட்டத்தை நாங்கள் ஒரு புள்ளியில் வென்றோம். அதே புள்ளியைப் பற்றி இறுதி விசிலுக்குப் பிறகு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பல லீக்குகளில் ஆடியவர்கள் அறிவார்கள்.

கடிகாரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது மிகை என்று யாருக்கேனும் தோன்றினால், 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். மூன்று வினாடிகள் இருக்கையில் டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு அமெரிக்காவை 50–49 என முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு டைம் அவுட் (அணி கேட்டுப் பெறும் சிறு இடைவேளை) குறித்த குழப்பத்தாலும் கடிகாரம் சரியாகத் திருத்தப்படாததாலும் அந்த மூன்று வினாடிகள் மீண்டும் மீண்டும் ஆடப்பட்டு, மூன்றாவது முறை இவான் எடெஷ்கோ களத்தின் மறுமுனைக்கு எறிந்த பந்தை அலெக்சாண்டர் பெலோவ் கூடையில் சேர்க்க, சோவியத் ஒன்றியம் 51–50 என வென்றது. அமெரிக்க அணியினர் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். ஒலிம்பிக் மேசையிலேயே அப்படி நடக்கக்கூடுமென்றால், கைபேசியின் ஸ்டாப்வாட்சை வைத்து ஆட்டம் நடத்தும் லீக்குகளை நாம் எப்படி ஏற்பது?

இனி, என் பெரிய குறை. லீக் சுற்றில் இங்கே ஷாட் கிளாக் கிடையாது. சர்வதேச விதிப்படி பந்தைக் கைப்பற்றிய அணி 24 வினாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் ஆட்டம் என்னவாகும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1950 நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி, மின்னியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. பந்தைக் கைவிடாமல் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியே பெற்ற வெற்றி அது. அதன் பின் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியசோன், விறுவிறுப்பான ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன என்று கணக்கிட்டு, 48 நிமிட ஆட்டத்தின் 2880 வினாடிகளை அதனால் வகுத்து 24 என்ற எண்ணைக் கண்டார். 1954இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ அதை விதியாக்கியது. சர்வதேசக் கூட்டமைப்பு 1956இல் 30 வினாடியாகத் தொடங்கி, 2000இல் 24க்கு வந்தது.

எழுபது ஆண்டுகளுக்கு முன் தீர்க்கப்பட்ட அந்தச் சிக்கலை நாங்கள் ஒரு ஞாயிறு காலையில் நேரில் அனுபவித்தோம். மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்த அணி, கடைசி ஒன்றரை நிமிடத்தில் பந்தை நடுக்கோட்டுக்கு அருகே ஐந்து பேருக்குள் சுழற்றிக்கொண்டே இருந்தது. லீக்கின் விதி அதற்கு இடம் தந்தது, அவர்கள் மீது தவறில்லை. எங்களுக்கு ஒரே வழி வேண்டுமென்றே ஃபவுல் செய்வதுதான். ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைக்கும் என்பதால், அதன் பின் ஆட்டம் ஓட்டமும் தடுப்பும் இல்லாமல், கோட்டில் நின்று எறியும் போட்டியாகச் சுருங்கிவிட்டது. அரையிறுதியிலிருந்து மட்டும் ஷாட் கிளாக்கை வாடகைக்கு எடுத்து வைத்தார்கள்; அந்த ஆட்டங்களின் வேகத்தைப் பார்த்த பிறகு இது ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கருவி இல்லாத நாட்களில், இறுதி இரண்டு நிமிடங்களுக்கு மட்டுமாவது ஒருவர் கைக்கடிகாரம் வைத்து 24 வினாடிகளை எண்ணி, கடைசி ஐந்தை உரக்கச் சொன்னால்கூடப் போதும் என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம்.

அரையிறுதியைச் சொல்லாமல் விட முடியாது. எதிரணியின் இரண்டாவது ஃப்ரீ த்ரோ கூடையில் விழ, நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கினோம். உடனே டைம் அவுட் கேட்டோம். பலகையில் 2.4 வினாடிகள். இறுதி இரண்டு நிமிடங்களில் இப்படி டைம் அவுட் எடுக்கும் அணி, தன் பாதியிலிருந்து எறிவதற்குப் பதிலாக எதிரணியின் பாதியில் உள்ள கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியலாம் என்பது விதி; எங்கிருந்து எறிகிறோம் என்பதை நடுவர் எங்கள் தலைவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்; இந்த விதியை அறியாத நடுவர்களை நான் வேறிடங்களில் சந்தித்திருக்கிறேன். பந்து உள்ளே வந்தது, எங்கள் ஆள் பிடித்துத் திரும்பி எறிந்தார், பந்து காற்றில் இருக்கும்போதே ஒலிப்பான் முழங்கியது. விழுந்திருந்தால் செல்லும். வளையத்தின் விளிம்பில் இருமுறை பட்டு வெளியே விழுந்தது. நாங்கள் தோற்றோம். எங்களில் ஒருவர்கூட மேசையை நோக்கிப் போகவில்லை, நேரத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. இந்த லீக்குக்கு நான் தரக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு இதுதான்.

ஆடுகளம் திறந்தவெளியில் உள்ள செயற்கைப் பூச்சுத் தளம். சீசன் தை மாதத்தில் தொடங்கியதால் முதல் சில வாரங்களில் காலைப் பனி தளத்தில் படிந்து வழுக்கியது. முதல் ஆட்டத்தைத் தள்ளிவைத்துத் தண்ணீர் தள்ளும் ரப்பர் பட்டையால் இழுத்து, பிறகு துணியால் துடைத்துத்தான் ஆட விட்டார்கள். முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய வயதில் இந்த நிதானத்துக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் கிழக்குப் பக்க வளையத்தில் வலை பாதி கிழிந்து, பல வாரங்கள் அப்படியே தொங்கியது. வலை என்பது அலங்காரம் அல்ல. பந்து வளையத்துக்குள் போனதா, உரசிக்கொண்டு வெளியே போனதா என்பதை எதிர்ப்பக்கப் பெஞ்சும் பார்த்து அறியச் செய்வது அதுவே. கட்டணத்தில் ஒரு சிறு துளிகூட ஆகாத ஒரு பொருளுக்கு நான்கு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது வருத்தம். பந்தும் சீசனின் பிற்பகுதியில் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. வியர்த்த கையில் நிற்கவில்லை. வெளித்தளத்தில் ஆடும் லீக் நடுவில் ஒரு முறையாவது பந்தை மாற்ற வேண்டும்.

நடுவர்கள் இருவரும் உரிமம் பெற்றவர்கள், பெரும்பாலும் சீரானவர்கள். முதல் ஆட்டத்துக்கு ஒரு முறை ஒருவர் மட்டுமே வந்தார். அட்டவணை மாற்றங்களை வாட்ஸ்அப்பில் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் சொல்வது, பணிநேரத்தை மாற்றிக்கொண்டு வருபவர்களுக்குப் பெரும் இடைஞ்சல். முதலுதவிப் பெட்டியும் பனிக்கட்டியும் எப்போதும் இருந்தன.

அடுத்த சீசனுக்கு எங்கள் அணி பதிவு செய்துவிட்டது. லீக் சுற்றிலும் ஷாட் கிளாக் வைப்பதானால் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளலாம் என்று எட்டு அணிகளின் தலைவர்களும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். புதிதாக வேறு லீக்கில் சேர விரும்புகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் ஏதேனும் ஓர் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதிக்குப் போய், மேசைக்குப் பின்னால் நின்று பாருங்கள். கடிகாரப் பொத்தான் மீது விரல் வைத்திருப்பவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு லீக்கைத் தேடுங்கள்.