இஸ்ரேல் முத்திரை விழாது என்று சொல்லும் பயண முகவர்களிடம் கவனம்

புனித பூமிப் பயணத்துக்கு முன்பணம் கட்டும்போதே, அலுவல் நிமித்தமாகப் பின்னர் நான் லெபனான் தலைநகர் பெய்ரூட் செல்ல வேண்டியிருக்கும் என்பதைச் சென்னையிலுள்ள அந்தப் பயண முகவருக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்திருந்தேன். 1948 முதல் இஸ்ரேலுடன் போர்நிலையிலேயே இருந்துவரும் லெபனான், அங்கே சென்று வந்ததற்கான தடயம் பாஸ்போர்ட்டில் தென்பட்டால் நுழைய விடாது. "கவலையே வேண்டாம் சார், இஸ்ரேல் இப்போது முத்திரையே குத்துவதில்லை" என்றார் முகவர். அது மெய்தான்; 2013 வாக்கிலிருந்து அங்கே சிறிய தாள் சீட்டுதான் தருகிறார்கள், இந்தியர்களுக்கு விசாவும் மின்விசாவாகிவிட்டது. அண்டை நாடு குத்தும் முத்திரையைப் பற்றித்தான் அவர் வாயே திறக்கவில்லை.

ஒப்புக்கொண்ட பயணத் திட்டப்படி ஜோர்டான் தலைநகர் அம்மானில் இறங்கி, ஜோர்டானையும் மேற்குக் கரையையும் இணைக்கும் அலன்பி பாலம் வழியாக எருசலேம் சென்று, அதே பாலம் வழியாகவே திரும்ப வேண்டும். அந்தப் பாலத்தை ஜோர்டான் பன்னாட்டு எல்லையாகக் கருதாததால், கேட்டுக்கொண்டால் பாஸ்போர்ட்டைத் தொடாமல் தனித் தாளில் முத்திரையிடுவார்கள். ஆனால் பெத்லகேமிலிருந்து கிளம்பிய பேருந்தில், எகிப்திலுள்ள சீனாய் மலையையும் கூடுதல் கட்டணமின்றிக் காட்டப்போவதாக வழிகாட்டி அறிவிக்க, குழுவினர் கைதட்ட, வண்டி தெற்கே, எகிப்து எல்லையருகே உள்ள இஸ்ரேலிய நகரமான ஏலாத்தை நோக்கித் திரும்பிவிட்டது. பாஸ்போர்ட்டுகள் அனைத்தும் அவர் கைப்பையில் இருந்தன. நான் எழுந்து மறுத்துப் பேசியும் பயனில்லை.

தாபா எல்லையில் எகிப்து அதிகாரி குத்திய முத்திரையில் ஊர்ப்பெயர் தெளிவாக விழுந்திருக்கிறது. இஸ்ரேலிலிருந்து தரைவழியாக வருகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அங்கே நுழைவு முத்திரை விழ வழியில்லை என்பதால், லெபனான் அதிகாரிகளுக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. புது தில்லியிலுள்ள தூதரகத்தில் என் விசா விண்ணப்பம் திரும்பி வந்தது. பெய்ரூட் பணிக்கு வேறொருவர் அனுப்பப்பட்டார்.

திடீர் மாற்றம் என்று முகவர் சொல்வதை ஏற்க முடியவில்லை. தாபாவில் வழிகாட்டி நீட்டிய எகிப்துக் குழு விசாத் தாளில், நாங்கள் சென்னையில் விமானம் ஏறுவதற்கு முந்தைய தேதியே இருந்தது. "இஸ்ரேல் முத்திரை இல்லை என்றுதானே சொன்னோம்" என்பதே அவர்களின் பதில். இழப்பீடு கோரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளித்திருக்கிறேன். பிறகு லெபனான், சிரியா, ஈரான் போன்ற நாடுகளுக்குச் செல்லும் எண்ணமுள்ளவர்கள், எந்தெந்த எல்லைச் சாவடிகள் வழியாக அழைத்துச் செல்வார்கள் என்பதைப் பெயர் குறிப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.